முதல் கேமிங் கணினி: பாகங்களைத் தேர்வதும் பணத்தைப் பங்கிடுவதும்

குறைந்த பணத்தில் முதல் கேமிங் கணினியை அமைக்க முற்படுபவர் பெரும்பாலும் பிராசசரின் பெயரிலிருந்தே தொடங்குகிறார். ஐ5 வாங்குவதா, ரைசன் 5 வாங்குவதா என்பது முடிவாகிவிட்டால் மற்றவை தாமாக அமைந்துவிடும் என்ற எண்ணம் வாங்குபவர்களிடமும் விற்பவர்களிடமும் பரவலாக உள்ளது. இந்த வரிசை தவறானது. எந்த விளையாட்டு, எந்தத் திரை என்பவை முதலில் முடிவாக வேண்டும். அவற்றிலிருந்து கிராஃபிக்ஸ் கார்டும், கார்டிலிருந்து எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கியும், இவை இரண்டுக்கும் ஒதுக்கியது போக மிஞ்சும் பணத்திலிருந்து பிராசசரும் மதர்போர்டும் தீர்மானமாக வேண்டும். சிக்கனத்துக்கும் ஓர் அளவுகோல் உண்டு. பின்னால் தனியாகச் சேர்த்துக்கொள்ளக்கூடிய பாகத்தில் இப்போது குறைத்துக்கொள்ளலாம். மாற்றப் புகுந்தால் தன்னோடு வேறு பாகங்களையும் மாற்றச் செய்யும் பாகத்தில் குறைக்கக்கூடாது. ரேமையும் எஸ்எஸ்டியையும் அடுத்த ஆண்டு கூட்டிக்கொள்ள முடியும். மதர்போர்டை மாற்றினாலோ பிராசசரும் ரேமும் சேர்ந்தே மாற நேரலாம். தரம் கெட்ட எஸ்எம்பிஎஸ் பழுதாகும்போது கார்டையும் இழுத்துக்கொண்டு போகக்கூடும்.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளி போன்ற ஊரில் இருந்துகொண்டு இவற்றை வாங்குபவருக்குச் சென்னை வாசகருக்கு இல்லாத சில வசதிகளும் சில கவலைகளும் உண்டு. பாகங்களின் சந்தையும் பெரும்பாலான நிறுவனங்களின் சர்வீஸ் சென்டர்களும் அவருக்குச் சென்னையில் அல்ல, நாற்பது கிலோமீட்டர் அளவிலேயே எட்டிவிடும் பெங்களூரில் இருக்கின்றன. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த ஓசூர் மேட்டுநிலத்தின் மிதமான வெப்பம் கணினிக்கு உகந்தது. கல் குவாரிகளும் லாரிகளும் நிறைந்த வட்டாரத்தின் புழுதியும், அடிக்கடி ஏறியிறங்கும் மின்னழுத்தமும் உகந்தவை அல்ல.

விளையாட்டும் திரையும்

கணினி விளையாட்டுகள் வன்பொருளிடம் கேட்பதில் பெரும் வேறுபாடு உண்டு. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் சமையலறையைக் களமாகக் கொண்டு, டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டு, மறு ஆண்டில் பாஃப்டா விருதும் பெற்ற ‘வெண்பா’ போன்ற விளையாட்டுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டே தேவையில்லை. வலோரண்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகள் நடுத்தரக் கார்டிலேயே நன்றாக ஓடும். ஆனால் அவற்றில் பிராசசரின் வேகமும் திரையின் வேகமும் கூடுதல் முக்கியத்துவம் பெறுகின்றன. விரிந்த நிலப்பரப்பைக் காட்டும் பெரிய கதை விளையாட்டுகளே கார்டின் முழு ஆற்றலையும் கோருகின்றன. ஆகவே வாங்குபவர் அடுத்த ஓராண்டில் உண்மையாகவே விளையாடப்போகும் மூன்று நான்கு விளையாட்டுகளின் பெயர்களைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றும் பரிந்துரைக்கும் கார்டையும் ரேமையும் அதன் விற்பனைப் பக்கத்தில் பார்த்து எதிரே குறித்துக்கொண்ட பின்னரே விலை விசாரிக்கத் தொடங்குவது நல்லது. இந்தத் தாள் கையில் இல்லாதவரிடம் விற்பவர் தம்மிடம் தேங்கியிருப்பதைத் தள்ளிவிடுவது எளிது.

திரையைப் பொறுத்தவரை, 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட, 1080பி எனப்படும் அளவே முதல் கணினிக்குப் போதுமானது. விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் மாதந்தோறும் எடுக்கும் வன்பொருள் கணக்கெடுப்பிலும் உலகெங்கும் அதிகமாகப் பயன்படுவது இதுவே. புள்ளிகள் கூடக் கூட அவற்றை ஒவ்வொரு சட்டகத்திலும் வரைய வேண்டிய கார்டின் வேலையும் கூடுகிறது என்பதால், 4கே திரையில் 1080பி-யைப் போல நான்கு மடங்கு புள்ளிகளை வரைய நேர்கிறது. ஹெர்ட்ஸ் என்பது திரை ஒரு விநாடியில் எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதன் அளவு; அசைவு வேகமான போட்டி விளையாட்டுகளில் 60-க்கும் 144-க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெளிவாகவே தெரியும். வீட்டிலுள்ள தொலைக்காட்சியையே சில மாதங்களுக்குத் திரையாகக் கொண்டு, அந்தப் பணத்தைக் கார்டில் சேர்ப்பதும் பின்பற்றத்தக்க முறையே, ஏனெனில் மானிட்டர் பின்னால் தனியாக வாங்கிக்கொள்ளக்கூடிய பொருள்.

கிராஃபிக்ஸ் கார்டு

விளையாட்டுக் கணினியின் மொத்தச் செலவில், திரையை நீக்கிவிட்டுப் பார்த்தால், 35 முதல் 40 சதவீதம் வரை கார்டுக்குப் போவதே நியாயமான பங்கீடு. அதாவது 60,000 ரூபாய் உள்ளவர் 21,000 முதல் 24,000 வரை இதற்கு ஒதுக்க வேண்டும். பிராசசருக்கும் மதர்போர்டுக்கும் சேர்த்துக் கால் பங்கைச் சற்றுத் தாண்டலாம். கார்டிலேயே இருக்கும் தனி நினைவகத்துக்கு விரேம் என்று பெயர். பரப்புகளின் வண்ணமும் அமைப்பும் அடங்கிய படங்கள் இங்கேதான் தங்கி வரைதலுக்கு எடுக்கப்படுகின்றன. இந்த இடம் போதாதபோது அவை கணினியின் ரேமுக்கும் கார்டுக்கும் இடையே போய்வர வேண்டியிருப்பதால் காட்சி திக்கித் திணறுகிறது. இன்று புதிதாக வாங்குபவர் 4 ஜிபி கார்டைத் தவிர்த்து 8 ஜிபி-யைக் குறைந்தபட்ச அளவாகக் கொள்வதே சரி.

2021-இல் வந்த ஏஎம்டி-யின் ஆர்எக்ஸ் 6600 இந்தத் தளத்தில் நெடுநாள் நல்ல தேர்வாக நிற்பதற்குக் காரணம், 8 ஜிபி விரேமும் 132 வாட் அளவிலான குறைந்த மின்செலவும் ஒன்றாக அமைந்திருப்பதே. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 இன்னும் குறைவாக 115 வாட்டில் அதைவிட வேகமாக இயங்குகிறது. இன்டெலின் ஆர்க் பி580, 2024 டிசம்பரில் 12 ஜிபி விரேமுடன் வந்தது; ஆனால் பிராசசர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரே வீச்சில் அணுக வழிசெய்யும் ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாத பழைய மதர்போர்டில் அதன் வேகம் பெரிதும் சரியும் என்பதால், பழைய கணினிக்கு அதை வாங்கக்கூடாது. ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி என்ற இரண்டும் விலையால் கவரக்கூடியவை. எனினும் இவை மதர்போர்டுடன் நான்கு தடங்களில் மட்டுமே பேசுவதால், பிசிஐஇ 3.0 எனும் பழைய தலைமுறை இணைப்புள்ள போர்டில் வேகம் மேலும் குறைந்துவிடுகிறது. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி, 6 ஜிபி என இருவகை விற்கப்படுவதும், 6 ஜிபி வகை விரேமில் மட்டுமல்லாமல் கணக்கிடும் திறனிலும் தாழ்ந்தது என்பதும் பெட்டியைக் கையில் எடுக்கும்போது நினைவிலிருக்க வேண்டியவை.

பழைய கார்டு வாங்குவோர் ஒரு வரலாற்றை அறிந்திருப்பது பயன்தரும். எத்தீரியம் என்ற மறைகுறி நாணயத்தை ஈட்டுவதற்கு உலகெங்கும் கார்டுகள் இரவுபகலாக ஓட்டப்பட்டு வந்தன. 2022 செப்டம்பர் 15 அன்று அந்த வலையமைப்பு தன் முறையை மாற்றியதும் அவை தேவையற்றுப்போய்ப் பழைய சந்தைக்குள் கொட்டின. அவ்வாறு உழைத்த கார்டுகள் எல்லாமே கெட்டுப்போனவை அல்ல. ஆனால் விசிறி தேய்ந்தும், சில்லுக்கும் வெப்பக்கடத்திக்கும் இடையிலுள்ள பசை உலர்ந்தும் இருக்கக்கூடும். திருகின் மேலுள்ள ஸ்டிக்கர் கிழிந்துள்ளதா என்று பார்ப்பதோடு, கடையிலேயே கணினியில் பொருத்தி அரைமணி நேரம் முழுச் சுமையில் ஓடவிட்டு, படத்தில் புள்ளியோ கோடோ தோன்றாமலும் கணினி அணையாமலும் இருந்தால் மட்டுமே பணம் கொடுக்க வேண்டும். இதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் வாங்கத் தேவையில்லை.

பிராசசர், மதர்போர்டு, ரேம்

பிராசசரில் நான்கு கோர் எட்டு த்ரெட் என்பது தொடக்கநிலை, ஆறு கோர் பன்னிரண்டு த்ரெட் என்பது நிறைவான நிலை. கோர் என்பது தனித்துக் கணக்கிடும் அலகு. த்ரெட் என்பது அந்த அலகு ஒரே நேரத்தில் கையாளும் பணிவரிசை. இன்டெலின் ஐ3 12100எஃப் முதல் வகைக்கும், ஐ5 12400எஃப், ரைசன் 5 5600 ஆகியவை இரண்டாம் வகைக்கும் எடுத்துக்காட்டுகள். இன்டெல் பெயரின் இறுதியில் வரும் எஃப் என்ற எழுத்து, அதில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லை, எனவே கார்டு இன்றித் திரையில் எதுவும் வராது என்பதைக் காட்டுகிறது. இதற்கு எதிர்முனையில் ரைசன் 5 5600ஜி உள்ளது: கார்டுக்கு இப்போது பணமே இல்லாதவர் இதை வாங்கி, தாழ்ந்த காட்சி அமைப்பில் வலோரண்ட் போன்றவற்றை விளையாடிக்கொண்டே, ஓராண்டு கழித்துக் கார்டைச் சேர்த்துக்கொள்ளலாம். இவ்வழியில் இழப்பும் உண்டு; 5600-இல் 32 எம்பி உள்ள எல்3 எனும் உள்நினைவகம் 5600ஜி-யில் 16 எம்பி மட்டுமே என்பதால், பின்னாளில் நல்ல கார்டைப் பொருத்தினாலும் அதே விளையாட்டில் அது சற்றுப் பின்தங்கும்.

மதர்போர்டில் பிராசசர் அமரும் இடமான சாக்கெட்டே எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது. ஏஎம்டி-யின் ஏஎம்4 சாக்கெட் ரைசனின் முதல் வருகையிலிருந்து பல தலைமுறைகளைத் தாங்கி, ரைசன் 5000 வரிசையோடு நிறைவுற்றது. 2022-இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் புதிய பிராசசர்கள் வரும் என்று ஏஎம்டி அறிவித்துள்ளது. ஏஎம்4 மலிவு, ஏஎம்5 ஏற்றத்துக்கு இடம் தருவது. எனினும் ஏஎம்5-க்கு டிடிஆர்5 வகை ரேம் மட்டுமே பொருந்தும் என்பதால், 2025-இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் மிகக் கடுமையாக ஏறிய பின்னர், இந்தத் தேர்வு எளிதாக இல்லை. அந்த ஏற்றத்தின் ஊடே மைக்ரான் நிறுவனம், இந்தியச் சந்தையில் நெடுநாள் நம்பி வாங்கப்பட்ட தன் குரூஷியல் பெயரிலான நுகர்வோர் வணிகத்தையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே இப்போது வாங்குபவர், வீட்டிலோ நண்பரிடமோ பயன்படாமல் கிடக்கும் டிடிஆர்4 ரேம் உள்ளதா என்று முதலில் தேடிப்பார்த்து, இருந்தால் அதற்கேற்ற ஏஎம்4 அல்லது டிடிஆர்4 வகை எச்610, பி660, பி760 போர்டைத் தேர்வது அறிவுடைமை.

ரேம் 16 ஜிபி வேண்டும். அதுவும் 8 ஜிபி இரண்டாக இருப்பது நல்லது, ஏனெனில் இரண்டு துண்டுகள் இருக்கும்போது பிராசசர் இரு வாய்க்கால்களில் ஒரே நேரத்தில் தரவை எடுக்கிறது. உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கொண்ட 5600ஜி போன்றவை தமக்கென விரேம் இன்றி இந்த ரேமையே பங்கிட்டுக்கொள்வதால், ஒற்றைத் துண்டோடு விட்டால் அவற்றின் வேகம் பெருமளவு குன்றும். நான்கு இடமுள்ள போர்டில் பிராசசரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதும் நான்காவதுமான இடங்களில் பொருத்துவது வழக்கம். எஸ்எஸ்டியில், போர்டின் எம்.2 இடத்தில் நேரடியாகச் செருகப்படும் என்விஎம்இ வகை 500 ஜிபி தொடக்கத்துக்குப் போதும். போர்டில் இரண்டாவது எம்.2 இடம் இருந்தால் பின்னால் கூட்டிக்கொள்ளலாம்.

மின்சாரம்

எஸ்எம்பிஎஸ்ஸைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம், குறைந்த செலவுக் கணினிகளில் அதிகமாக ஏமாற்றம் தருவதும் அதிகமாக அலட்சியப்படுத்தப்படுவதும் அதுவே. மலிவான கேபினெட்டோடு இலவசமாக வரும் பெட்டியின் மேல் 450 என்ற எண் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணை விட்டுவிட்டு, பக்கவாட்டில் ஒட்டியுள்ள அட்டவணையில் 12 வோல்ட் என்ற பத்தியின் கீழ் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது என்பதைப் படிக்க வேண்டும். பிராசசரும் கார்டும் ஏறத்தாழ முழு மின்சாரத்தையும் இந்த 12 வோல்ட் வழியாகவே பெறுகின்றன. அங்கே 18 ஆம்பியர் என்றிருந்தால், 18-ஐ 12-ஆல் பெருக்க வரும் 216 வாட் மட்டுமே விளையாட்டுக்கு உதவும் ஆற்றல். ஆர்எக்ஸ் 6600 ஒன்றே அதில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். தரமான 550 வாட் பெட்டியில் இதே இடத்தில் 40 ஆம்பியருக்கு மேல் இருப்பதைக் காணலாம். கார்டுக்கான ஆறு அல்லது எட்டு முனை கேபிள் அதிலேயே இணைந்து வர வேண்டும். ஹார்ட்டிஸ்க் முனையிலிருந்து மாற்றிப் பொருத்தும் இணைப்பியால் கார்டுக்கு மின்சாரம் கொடுப்பது தீவிபத்துக்கு இடமளிக்கும். மின்சாரத்தை வீணாக்காமல் மாற்றித்தரும் திறனுக்கு அளிக்கப்படும் 80 பிளஸ் சான்றில் வெண்கலம் (Bronze) எனும் தரம் முதல் கணினிக்குப் போதும்.

தொரப்பள்ளி போன்ற இடத்தில் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு முன்னால் சுவரையும் பார்க்க வேண்டியுள்ளது. மூன்று துளைப் பிளக் இருந்தும் எர்த் கம்பி தரையோடு இணைக்கப்படாத வீடுகளில் கேபினெட்டைத் தொட்டால் மெல்லிய அதிர்ச்சி தெரியும். இதை எலெக்ட்ரீஷியனை அழைத்துச் சரிசெய்வதற்கு முன் கணினியை இயக்கக்கூடாது. வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருந்தால், நல்ல எஸ்எம்பிஎஸ்களில் உள்ள ஆக்டிவ் பிஎஃப்சி எனும் சுற்று அதனோடு ஒத்துப்போகாமல் இரைச்சலிடும் அல்லது அணைந்துவிடும். சைன் அலை வகை இதற்கு ஏற்றது. மின்சாரம் போனதும் இன்வெர்ட்டர் ஏற்கும் இடைவெளியை எஸ்எம்பிஎஸ் ஏறத்தாழ 16 மில்லி விநாடி வரையே தாங்கும் என்பதால், இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு என்ற சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டு வைக்க வேண்டும். தனி யுபிஎஸ் வாங்குபவர், கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 600 விஏ பெட்டி 360 வாட் அளவையே தாங்கும் என்பதையும், அது விளையாடிக்கொண்டிருப்பதற்காக அன்றி, விளையாட்டைச் சேமித்துவிட்டு ஒழுங்காக அணைப்பதற்கான சில நிமிடங்களுக்கே என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மின்கட்டணமும் செலவின் ஒரு பகுதியே. விளையாடும்போது 250 வாட் எடுக்கும் கணினியை நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் இயக்கினால் நாளுக்கு முக்கால் யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 45 யூனிட் ஆகிறது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றாலும், கட்டணம் அடுக்கடுக்காக ஏறுவதால் இந்த 45 யூனிட் ஒரு குடும்பத்தை அடுத்த அடுக்குக்குத் தள்ளக்கூடும். 115 வாட் கார்டுக்கும் 190 வாட் கார்டுக்கும் இடையே தேர்கையில் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

கேபினெட்டில் முன்புறம் வலையாக இருப்பதும், கழற்றிக் கழுவத்தக்க தூசி வடிகட்டி இருப்பதும் போதும். வண்ண விளக்குக்கும் கண்ணாடிக்கும் கூடுதல் பணம் தேவையில்லை. தரையில் வைக்காமல் மேசைமேல் வைத்தால் புழுதி குறையும்.

எங்கே வாங்குவது

ஓசூரிலிருந்து பேருந்திலேயே பெங்களூரில் பாகங்களின் சந்தையான எஸ்.பி. ரோட்டுக்குப் போய்வரலாம். 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் திறக்கப்பட்ட பின்னர், பொம்மசந்திராவில் ஏறி ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறி, கே.ஆர். மார்க்கெட்டிலோ சிக்பேட்டையிலோ இறங்கினால் கடைத்தெரு நடைதூரம்தான். மாநிலம் மாறினாலும் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பது மாறாது. பில் வேண்டாமென்றால் விலை குறைத்துத் தருவதாகச் சில கடைகளில் சொல்லப்படுவதுண்டு; 20,000 ரூபாய் கார்டில் 3,600 ரூபாய் மிச்சமாவது பெரிதாகத் தோன்றினாலும், மூன்றாண்டு வாரண்டியை அதற்கு விலையாகக் கொடுக்கக்கூடாது. பில்லில் சீரியல் எண் எழுதப்பட்டிருப்பதையும், அது பெட்டியிலும் பொருளிலும் உள்ள எண்ணோடு ஒத்திருப்பதையும் கடையை விட்டு வெளியேறும் முன் பார்க்க வேண்டும். ட்ரே பிராசசர் எனப்படும் பெட்டியில்லாத சரக்குக்குப் பெரும்பாலும் விற்பவரின் வாக்கே வாரண்டி. அதோடு கூலரும் வராது.

எஸ்.பி. ரோட்டின் இன்னொரு பயன், அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்ட டெல், ஹெச்பி கணினிகள். 30,000 ரூபாய்க்கும் குறைவாகவே கையில் உள்ளவருக்கு இதுவே சிறந்த வழி என்று துணிந்து சொல்லலாம். இவற்றில் இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகக்கூடாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-ஓ எட்டாம் தலைமுறையையும் டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சில்லையும் கேட்கிறது, விண்டோஸ் 11-இல் வலோரண்ட் ஓடுவதற்கும் அந்தச் சில்லும் செக்யூர் பூட் எனும் பாதுகாப்பான தொடக்க வசதியும் இயங்கியாக வேண்டும். எஸ்எஃப்எஃப் எனும் மெல்லிய பெட்டிகளில் அரை உயரக் கார்டு மட்டுமே நுழையும்; அவற்றின் எஸ்எம்பிஎஸ் 200 வாட் அளவிலானது, அந்நிறுவனத்துக்கே உரிய முனைகள் கொண்டது, ஆகவே கடையில் கிடைக்கும் வேறொன்றை வைத்து மாற்றவும் இயலாது. இவற்றுக்கு 70 வாட்டில், தனி மின்கேபிள் இன்றி போர்டிலிருந்தே மின்சாரம் பெறும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி-யின் அரை உயர வகையே பொருத்தம். முன்பு தாழ்ந்ததாகச் சொல்லப்பட்ட அந்தக் கார்டுக்கு உரிய இடம் இதுதான். மெல்லிய பெட்டியைவிட டவர் வகை சில ஆயிரம் கூடுதலாக இருந்தாலும் அதையே எடுப்பது நல்லது.

பாகங்களைப் பொருத்தி முதன்முறை இயக்கியதும் மூன்றைச் சரிபார்க்க வேண்டும். மானிட்டர் கேபிள் மதர்போர்டின் முனையில் அல்லாமல் கார்டின் முனையில் செருகப்பட்டிருக்க வேண்டும். 3200 வேகத்துக்கென வாங்கிய ரேம், பயாஸ் எனும் மதர்போர்டின் அமைப்புத் திரையில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்காத வரை பெரும்பாலும் 2133 அல்லது 2400 வேகத்திலேயே ஓடும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரையும் விண்டோஸ் பெரும்பாலும் 60-இலேயே தொடங்குவதால், டிஸ்பிளே அமைப்பில் போய் அதைக் கையால் மாற்ற வேண்டும். இம்மூன்றும் முடிந்த பிறகு, தாளில் எழுதிய விளையாட்டுகளில் மிகக் கனமானதை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, கார்டின் வெப்பம் 85 டிகிரிக்குள் நிற்கிறதா என்று பார்த்துவிட்டால், திருப்பித்தரும் கெடு முடிவதற்குள்ளேயே குறையுள்ள பாகம் வெளிப்பட்டுவிடும்.